கேள்வி பதில்: எதிரே ஆள் வராத குதிரை

கேள்வி: கிரகணத்தன்று பிறந்ததால் 'எக்ளிப்ஸ்' என்று பெயர் வைத்த ஒரு குதிரை, ஓடிய ரேஸ் எதிலும் தோற்கவில்லையாமே? நிஜமா, ரீலா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: நிஜம்தான். 18 பந்தயம், 18 வெற்றி. ஆனால் அதில் 8 பந்தயங்களில் எதிர்த்து ஓட ஒரு குதிரைகூட வரவில்லை. தனியாகச் சுற்றி வந்து பரிசை வாங்கிக்கொண்டது. இந்த எட்டை மறைத்துவிட்டு 'பதினெட்டுக்குப் பதினெட்டு' என்று பெருமை பேசுவது எனக்குப் பிடிக்காது. எதிராளிகள் ஏன் வரவில்லை என்பதுதான் நல்ல கதை.

1764 ஏப்ரல் 1, சூரிய கிரகணம். நம் வீடுகளில் என்றால் பரிகாரம் தேடியிருப்பார்கள். இங்கிலாந்தின் கம்பர்லாந்து கோமகன் கிரகணத்தையே பெயராக வைத்துவிட்டார். மறுவருடமே அவர் இறந்துபோக, குதிரைகள் ஏலத்துக்கு வந்தன. லண்டன் ஸ்மித்ஃபீல்ட் சந்தையின் இறைச்சி வியாபாரி வில்லியம் வைல்ட்மேன் இந்தக் குட்டியை 75 கினிக்கு (கினி என்பது அந்தக் காலத்துத் தங்க நாணயம்) எடுத்தார். அடங்காத முரடு. காயடித்துவிடலாமா என்றுகூட யோசித்தார்களாம். நல்லவேளை, செய்யவில்லை.

முதல் ரேஸ் 1769 மே 3, எப்சம் மைதானத்தில். அப்போது அதற்கு ஐந்து வயது. அந்தக் காலத்தில் ஒரே நாளில் அதே குதிரைகள் நான்கு நான்கு மைலாகச் சில சுற்று ஓட வேண்டும். முதல் சுற்றை எக்ளிப்ஸ் சுலபமாக எடுத்தது. அப்போது டென்னிஸ் ஓ'கெல்லி என்ற அயர்லாந்துக்காரர், கடனுக்காகச் சிறையில் கிடந்து வந்த சூதாடி, அடுத்த சுற்றில் எல்லாக் குதிரைகளும் எந்தெந்த இடத்தில் வரும் என்று சொல்வதாகப் பந்தயம் கட்டினார். அவர் சொன்னது இவ்வளவுதான்: "எக்ளிப்ஸ் முதலில். மற்றது எங்குமே இல்லை."

வாய்ச்சவடால் போலத் தெரியும். இல்லை, விதி தெரிந்த ஆளின் பேச்சு. ஜெயித்த குதிரை கம்பத்தைத் தாண்டும்போது 240 கெஜத்துக்குமேல் பின்தங்கிய குதிரைக்கு இடமே கிடையாது, கணக்கிலேயே வராது. மற்ற நான்கும் அப்படித்தான் பின்தங்கின. ஓ'கெல்லிக்குப் பணம்.

அதோடு விடவில்லை மனிதர். 650 கினி கொடுத்துக் குதிரையில் பாதிப் பங்கு வாங்கினார்; 1770-இல் இன்னொரு 1,100 கொடுத்து மீதியையும் வாங்கினார். வைல்ட்மேனுக்கும் நஷ்டமில்லை, கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்புறம் எவன் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துவான்? 1770-இல் நியூமார்க்கெட்டில் புசிஃபாலஸ் என்ற குதிரை ஒன்றுதான் கொஞ்சம் நெருக்கிப் பார்த்தது. அதுவும் தோற்றது. அந்த அக்டோபரோடு எக்ளிப்ஸின் ஓட்டம் முடிந்தது. அதன்மேல் பணம் கட்டினால் லாபமில்லை, எதிராகக் கட்ட ஆளில்லை. அப்புறம் எதற்கு ரேஸ்?

ரயிலோ வேனோ இல்லாத காலம். எப்சம், நாட்டிங்ஹாம், யார்க், லிங்கன் என்று ஒவ்வொரு ஊருக்கும் நடந்தே போனது. மொத்தம் 1,400 மைல் நடந்திருக்கும் என்கிறார்கள். எனக்கு அந்தப் பதினெட்டைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

கேள்வி: இன்றைய ரேஸ் குதிரைகள் எல்லாம் அதன் வம்சம்தானா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: தகப்பன் வழியை மட்டும் பிடித்துக்கொண்டு போனால், தரோபிரெட் என்ற பந்தயக் குதிரை இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எக்ளிப்ஸிடம்தான் போய் நிற்கும். எக்ளிப்ஸோ, 1704-இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு வந்த டார்லி அரேபியன் குதிரையின் எள்ளுப்பேரன்.

வேடிக்கை என்னவென்றால், பொலிகுதிரையாக இருந்த காலத்தில், குட்டிகளின் வெற்றியை வைத்துப் போடும் கணக்கில் எக்ளிப்ஸ் முதலிடம் பிடித்ததே இல்லை. ஹெராட் என்ற குதிரையின் குட்டிகள்தான் பல வருடங்கள் முந்தின. இங்கிலாந்தின் புகழ்பெற்ற டெர்பி பந்தயம் 1780-இல் தொடங்கியது. எக்ளிப்ஸின் மகன்கள் அதை 1781, 1783, 1784-இல் ஜெயித்தார்கள். பேரன் கொள்ளுப்பேரன் காலத்தில்தான் ஹெராட் வழி தேய்ந்து இது ஓங்கியது.

கேள்வி: அதன் இதயம் ரொம்பப் பெரிதாமே?
- அதே வாசகி

பதில்: 1789-இல் வயிற்றுவலியில் செத்ததும் சேன்பெல் என்ற பிரெஞ்சு கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தார். இதயம் 14 பவுண்டு, ஆறு கிலோவுக்கு மேல். பெரிதுதான். அதனால்தான் ஜெயித்தது என்று சத்தியம் செய்ய நான் தயாரில்லை. தோற்ற குதிரைகளின் இதயத்தை அன்று யார் நிறுத்துப் பார்த்தார்கள்?