வீட்டில் செய்யும் ஊசித்துளைக் கமராவில் உண்மையாகவே படம் விழுமா?

விழும். எனக்கு நாலாவது தடவைதான் விழுந்தது.

வன்னியில் கிடுகு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. மத்தியானம் கூரை ஓட்டைகளால் சாணி மெழுகிய தரையில் வெளிச்சப் பொட்டுகள் விழுமல்லவா? ஓட்டை எவ்வளவு கோணலாக இருந்தாலும் பொட்டு வட்டம்தான். அது சூரியனின் உருவம். 2019 டிசெம்பர் 26 கிரகணத்தன்று காலை எங்கள் குசினிக்குள் அவ்வளவு பொட்டும் பிறைபிறையாகக் கிடந்தது.

சரி, கமரா. இதில் வில்லை கிடையாது, அந்தக் கூரை ஓட்டை மாதிரி ஓர் ஊசித்துளைதான் உருவத்தை உள்ளே விழுத்தும். 10 சென்ரிமீற்றர் அகலமான பால்மா ரின் ஒன்றுக்கு உள்ளே கறுப்புப் பெயின்ற் அடித்தேன். பக்கத்தில் ஆணியால் துளைத்து, அதன்மேல் சோடா ரின்னில் வெட்டிய மெல்லிய தகட்டை ஒட்டினேன். ஊசித்துளை அந்தத் தகட்டில்தான். ஒரேயடியாகக் குத்தாதீர்கள். ஊசி நுனியால் மெல்ல அமத்தினால் மறுபக்கம் சின்னதாகப் புடைக்கும். அதை அரத்தாளால் தேய்த்துவிட்டுத் திரும்ப அமத்துங்கள். இந்த ரின்னுக்குத் துளை 0.4 மில்லிமீற்றர் அளவில் இருக்க வேண்டும். அடிமட்டத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படமெடுத்துப் பெருப்பித்தால் அளவு தெரியும்.

படம் விழும் தாள் பழைய ஸ்டூடியோ ஒன்றில் மிஞ்சிக் கிடந்த கறுப்பு வெள்ளைப் படத்தாள். சிவப்பு வெளிச்சம் அதைக் கெடுக்காது என்பதால் சைக்கிளின் பின்லைற்றோடு குளியலறைக்குள் புகுந்து, துளைக்கு எதிர்ப்பக்கமாகத் தாளை ரின்னுக்குள் வைத்தேன்.

வெளிச்சம் பட்ட இடம் இந்தத் தாளில் கறுப்பாக வரும். முதல் தாள் முழுக் கறுப்பு. பிளாஸ்டிக் மூடியால் வெளிச்சம் புகுந்திருக்கிறது. துளை சிறுத்தால் தெளிவு கூடும் என்று இன்னும் சின்னதாகப் போட்ட இரண்டாவது, பஞ்சு மாதிரி வந்தது. மிகச் சிறிய துளையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவிவிடும். மூன்றாவதில் சோளகக் காற்று ரின்னை அசைத்து ஒரு பனையை இரண்டாக்கியது. நாலாவதுக்கு இரணைமடுக் குளக்கட்டில் ரின்னின் மேல் ஒரு செங்கல்லை ஏற்றி, துளையை மூடியிருந்த கறுத்த ரேப்பை உரித்துவிட்டு ஒரு நிமிடம் நின்றேன். நல்ல வெயிலுக்கு அவ்வளவு போதும். மாட்டோடு போன ஐயா, "என்ன தம்பி, பேணிக்குக் காவலோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். கழுவி எடுத்து, கைபேசியில் கறுப்பை வெள்ளையாக மாற்றிப் பார்த்தால் குளத்தில் ஓர் அலைகூட இல்லை. ஐயாவும் மாடுகளும்கூட இல்லை. நடந்துகொண்டிருப்பவர்கள் இதில் விழமாட்டார்கள்.

கழுவ மருந்து கிடைக்காவிட்டால் சூரியப் பாதை எடுத்துப் பாருங்கள். ரின்னை மாதக்கணக்கில் கட்டி வைத்தால் சூரியன் தானே தாளில் கோடு போடும். ஸ்கான் செய்தால் போதும். வெளிநாட்டுக் காணொளிகளில் தெற்கே பார்க்கக் கட்டச் சொல்வார்கள். இங்கே ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு மேல் போய்விடும், ரின்னுக்குள் அகப்படாது. கிழக்கே பார்க்கக் கட்டுங்கள், கோடுகள் ஈர்க்கு அடுக்கியது போல ஏறக்குறைய நேராக எழும்பும்.

என்னுடையதை மார்கழியில் கிணற்றடித் தூணில் கட்டினேன். ஆனியில் கழற்றினால் கோடுகள் பாதியோடு நின்றிருந்தன. துளையின்மேல் குளவி மண்கூடு கட்டியிருந்தது.