பொறி நிறைய ஈ, பந்தல் நிறைய சொத்தைக் காய்

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் அரை ஏக்கரில் பாகல் பந்தல். மாந்தோப்புக்கு வாங்கிய, மெத்தில் யூஜினால் என்ற வாசனைப் பொருள் வைத்து ஈயை இழுக்கும் பொறியையே பந்தலிலும் கட்டினேன். பொறியில் பழ ஈ குவிகிறது, காயும் அழுகுகிறது. அழுகியதை வரப்போரம் கொட்டுகிறேன். ஈயின் குடலிலுள்ள பாக்டீரியாதான் காரணமாம். பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்ட்ரெப்டோசைக்ளின் மருந்தை அடிக்கலாமா?

பதில்: வேண்டாங்க. காய்க்குள் இருக்கும் புழுவை அது எட்டாது; இலைமேல் இருக்கும் நல்ல நுண்ணுயிர்களுக்குத்தான் கேடு.

ஆனால் உங்களுக்குச் சொன்னவர் பாதி சரி. காயில் புரதம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவது கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் போன்ற குடல் பாக்டீரியாக்கள். இலைப்பரப்பு, பறவை எச்சம், அழுகல் என்று கண்ட இடத்திலிருந்தும் ஈ அவற்றை எடுத்துக்கொள்கிறது. முட்டையிடும்போது பாக்டீரியாவும் காய்க்குள் போகிறது. சதை இளகுகிறது, புழுவுக்குப் பந்தி தயார். (ஆலிவ் ஈயின் உடலில் இப்படியொரு பாக்டீரியா இருப்பதை இத்தாலியில் பெட்ரி என்பவர் 1909-லேயே கவனித்துவிட்டார்.)

உங்கள் பொறி வேலை செய்கிறது, வேறு ஈக்கு. மெத்தில் யூஜினால் இழுப்பது மா ஈயின் ஆணை. முதலமடை மாந்தோப்புகளுக்குச் சரி. பாகல், புடலையைத் துளைக்கும் ஈக்கு கியூ லூர் என்ற வேறு வாசனைப் பொருள் வேண்டும். அதிலும் ஆண்தான் விழும். முட்டையிடுவதோ பெண்.

பெண்ணுக்கு முட்டை முதிரப் புரதம் தேவை. நுண்ணுயிர் பெருகி நொதிக்கும் வாசனையை அது தேடி வருவது அதனால்தான். அந்தப் பசியைப் பிடித்துக்கொள்ளுங்கள். கனிந்த வாழைப்பழம், வெல்லம் பிசைந்து, கிருஷிபவனில் (கேரள வேளாண் அலுவலகம்) சொல்லும் அளவு பூச்சிமருந்து கலந்து, சிரட்டையில் வைத்துத் தொங்கவிடுங்கள். பந்தலுக்குள் மட்டும் வைத்தால் போதாது. இந்த ஈ வெயில் நேரத்தில் ஓரத்து மக்காச்சோளம், ஆமணக்கில்தான் ஒதுங்கும், அங்கேயும் கட்டுங்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது அந்த வரப்போரக் குவியல். புழுவும் பாக்டீரியாவும் ஒன்றாக வளரும் தொட்டில் அது. புழு துள்ளி வெளியேறி, ஓரிரு அங்குல மண்ணில் கூட்டுப்புழுவாகும். அழுகியதைக் கருப்பு பாலிதீன் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். இல்லையேல் இரண்டடி ஆழக் குழியில் புதையுங்கள். பந்தலடி மண்ணை லேசாகக் கொத்திவிட்டால் கூட்டுப்புழுவை வெயிலும் எறும்பும் கோழியும் பார்த்துக்கொள்ளும்.

அரை ஏக்கர்தானே, ஆள் இருந்தால் பிஞ்சு விட்டதும் காகிதப் பை மாட்டலாம். பை கிழியாதவரை ஈ அண்டாது.