ஜான் நாகாவைப் போன்சாய் உலகம் ஏன் ஆசானாகக் கொண்டாடுகிறது?

போன்சாய் என்பது மரத்தைத் தொட்டியில் குட்டையாக வளர்த்து வடிவமைக்கும் ஜப்பானியக் கலை. அதில் நாகா வடித்த மரங்களைவிட, அவர் கற்றுக்கொடுத்த விதம்தான் முதல் காரணம் என்பேன்.

1914-இல் அமெரிக்காவின் கொலராடோவில் பிறந்தவர். எட்டு வயதில் ஜப்பான் போய், தாத்தாவிடம் இந்தக் கலையைப் பழகினார். அப்புறம் அமெரிக்கா திரும்பி, லாஸ் ஏஞ்சலஸில் குடியேறி, 1950-இல் நண்பர்களோடு ஒரு போன்சாய் சங்கம் தொடங்கினார்.

ஜப்பானில் இக்கலையைத் தொழிலாகக் கற்க, குருவின் தோட்டத்தில் பல ஆண்டுகள் உழைக்க வேண்டும். ஆனால் நாகா, ஓய்வு நேரத்தில் மரம் வளர்க்கும் சாதாரண மக்களுக்கும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தார். எந்தக் கிளையை வைப்பது, எதை வெட்டுவது, கிளையை வளைக்கக் கம்பியை எப்படிச் சுற்றுவது என்று எதையும் ஒளிக்கவில்லை. பல நாடுகளுக்கும் போய் வகுப்பெடுத்தார். தொட்டிச் செடியை மரம்போல ஆக்க வேண்டும், மரத்தைப் போன்சாய்போல ஆக்கக்கூடாது என்பது அவர் பாடத்தின் அடிப்படை. எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான். வார்ப்புருவை நகலெடுக்காமல், நம் ஊர் மரம் இயல்பாக எப்படி நிற்கிறது என்று பார்க்க வைக்கிறது.

அவருடைய புகழ்பெற்ற 'கோஷின்' ஜூனிப்பர் என்ற ஊசியிலை மரவகையில் 11 மரங்கள் கொண்ட சிறு காடு. பேரப்பிள்ளை ஒவ்வொருவருக்கும் ஒரு மரம். 1984-இல் அதைத் தானமாகக் கொடுத்தார். 2004-இல் அவர் மறைந்த பிறகும், வாஷிங்டன் தேசியத் தாவரப் பூங்காவில் அதைப் பராமரித்து வருகிறார்கள்.