அனலாக் மிக்ஸரிலிருந்து கையடக்க டிஜிட்டல் ரெக்கார்டரில் கச்சேரி பதிவு செய்யும்போது, ரெக்கார்டர் லெவலைக் குறைத்தும் ஒலி உடைவது ஏன்?

முதலில் பதிவான ஃபைலைக் கணினியில் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் டிஜிட்டலின் உச்ச வரம்பான 0-வைத் தொடாமல், −8 அல்லது −10 டெசிபலிலேயே கத்தரித்தது போல் தட்டையாக இருந்தால், ஒலி ரெக்கார்டருக்குள் டிஜிட்டலாக மாறும் முன்பே உடைந்துவிட்டது. பல கையடக்க ரெக்கார்டர்களில் லெவல் குமிழ், உள்ளே வரும் சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்புக்குப் பின்னால்தான் வேலை செய்யும். அதைக் குறைத்தால் உடைந்த ஒலி சின்னதாகும், உடைப்பு போகாது. மிக்ஸரின் ஹெட்போனிலேயே உடைவு கேட்டால் கோளாறு மிக்ஸரில். அதை முதலில் தீருங்கள்.

காரணம் வோல்டேஜ்தான். தொழில்முறை மிக்ஸரில் வியூ மீட்டர் (ஒலி அளவைக் காட்டும் முள்) 0 காட்டும்போது வழக்கமாக +4 டிபியு, அதாவது 1.23 வோல்ட் வெளியே வருகிறது. வீட்டு உபயோக லைன் அளவு −10 டிபிவி, 0.316 வோல்ட். டிபியு, டிபிவி இரண்டும் வோல்டேஜை டெசிபலில் சொல்லும் அளவுகள், ஆனால் இரண்டின் 0-வும் ஒன்றல்ல. வித்தியாசம் ஏறக்குறைய 12 டெசிபல். மைக் இன்புட்டோ சில மில்லிவோல்ட்டை எதிர்பார்ப்பது. அதில் மிக்ஸரின் மெயின் அவுட்டைச் செருகினால் உடையாமல் என்ன செய்யும்?

ரெக்கார்டரில் லைன் இன் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதிலும் உடைந்தால் இடையில் ஒரு பேட், அதாவது சிக்னலைக் குறைக்கும் ரெசிஸ்டர் இணைப்பு, வேண்டும். அன்பேலன்ஸ்டு கேபிளுக்கு (சேனலுக்கு ஒரு சிக்னல் கம்பியும் கிரவுண்டும் மட்டும் உள்ளது) நீங்களே செய்யலாம்: ஒவ்வொரு சேனலிலும் சிக்னல் கம்பியில் தொடராக 10 கிலோ ஓம், அதற்குப் பின் சிக்னலுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், கால் வாட், 1 சதவீத மெட்டல் ஃபிலிம். சுமார் 21 டெசிபல் குறையும். மைக் இன்புட் மட்டும்தான் இருக்கிறது என்றால் 1 கிலோவுக்குப் பதில் 100 ஓம், 40 டெசிபல். ரெசிஸ்டர்களை ரெக்கார்டர் பக்கத்து பிளக்கில் வையுங்கள். ரெக்கார்டர் மைக்குக்கு அனுப்பும் மின்சாரமான 48 வோல்ட் ஃபாண்டம், பிளக்-இன் பவர் இரண்டையும் கேபிளைச் செருகும் முன்பே அணைத்துவிடுங்கள். ஃபாண்டம் மிக்ஸரின் அவுட்புட்டையே கெடுக்கக்கூடும்.

இனி அளவு பொருத்துவது. போனிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் சைன் டோனை மிக்ஸரின் ஒரு சேனலில் கொடுத்து, பேன் குமிழை (இடம்-வலம் பிரிப்பது) சரிநடுவில் வைத்து, மாஸ்டர் ஃபேடரை 0-வில் நிறுத்தி, மீட்டர் 0 காட்டும்வரை கெயினை ஏற்றுங்கள். அப்போது ரெக்கார்டர் −20 காட்டுமாறு அதன் லெவலை வையுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்பு வழக்கம் −18, அமெரிக்க வழக்கம் −20. கச்சேரிக்கு நான் −20-ஐத்தான் சொல்வேன். வியூ முள் சுமார் 300 மில்லிசெகண்டில்தான் ஏறும். மிருதங்கத்தின் சாப்பும் தவிலின் அடியும் அதற்குள் முடிந்துவிடும். முள் 0-வில் அமைதியாக ஆடும்போதே உச்சி அதற்கு மேல் 15 டெசிபலுக்கும் மேலே போயிருக்கும். தனி ஆவர்த்தனத்தில் பாட்டைவிட இன்னும் கூடும்.

எல்லா மிக்ஸரிலும் மீட்டரின் 0 என்பது +4 டிபியு அல்ல. சிலவற்றில் 0 டிபியு. மல்டிமீட்டரில் சரிபார்க்கலாம். மலிவான மீட்டர்கள் 1 கிலோஹெர்ட்ஸில் தவறாகக் காட்டும், ஆகவே டோனை 100 ஹெர்ட்ஸுக்கு மாற்றி, மூன்று பின் உள்ள எக்ஸ்எல்ஆர் அவுட்டின் 2, 3-ஆம் பின்களுக்கு இடையே ஏசி வோல்ட் பாருங்கள். 1.23 என்றால் +4, 0.775 என்றால் 0.

பதிவு 24 பிட்டில் இருக்கட்டும். உச்சி −10-ஐத் தாண்டாவிட்டால் ஒன்றும் கெடாது, பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஆட்டோ லெவலைக் கட்டாயம் அணையுங்கள். ஆலாபனையின் மெல்லிய இடங்களில் தம்புராவையும் மின்விசிறியையும் தூக்கிக் கொண்டுவந்து நிறுத்தும்.

கேபிளில் ஒரு பொறி உண்டு. மிக்ஸரின் பேலன்ஸ்டு (ஒரே சிக்னலை ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்பும்) மோனோ அவுட்டை 3.5 மிமீ ஸ்டீரியோ இன்புட்டில் ஸ்டீரியோ கேபிளால் இணைத்தால் இடமும் வலமும் எதிரெதிர் போலாரிட்டியில் பதிவாகும். ஹெட்போனில் ஏதோ விரிந்தது போலக் கேட்கும். மோனோ ஸ்பீக்கரில் குரலே காணாமல் போகும். இரண்டு தனி மோனோ பிளக்குகள் ஒரு ஸ்டீரியோ பிளக்கில் சேரும் கேபிள்தான் சரி. ஏற்கெனவே அப்படிப் பதிவாகிவிட்டதென்றால் எடிட்டரில் ஒரு சேனலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள், குரல் திரும்பிவிடும்.