இன்டர்னல் இல்லாத ஊரில் எலக்ட்ரானிக்ஸ் பரீட்சை

“அண்ணா, அக்டோபரில் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் சேர்ந்தேன். அனலாக் சர்க்யூட் வகுப்பில் இன்டர்னல் இல்லை, அசைன்மென்ட்டுக்கு மார்க் இல்லை, வருகைப் பதிவுகூட இல்லை. லேபுக்கும் மார்க் கிடையாதாம். பிறகு எதை வைத்து கிரேடு போடுகிறார்கள்? பிப்ரவரிக்கு ஐந்து தாள் பதிவு செய்துவிட்டேன், சரிதானே?” கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு தம்பி கேட்டிருந்த கேள்வி இது. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன்.

தம்பி, நான் 2010 அக்டோபரில் வந்தவன். இப்போது டிரெஸ்டனில் சிப் சோதிக்கும் வேலை. நான் எழுதிய முதல் அனலாக் தாளில் வாங்கியது 5,0. நூற்றுக்கு ஐந்து இல்லை, இங்கே அதற்கு ஃபெயில் என்று பொருள். அந்தத் தாளைப் பற்றிச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும்.

முதலில் எண்களை முடித்துக்கொள்வோம். 1,0 உச்சம், 4,0 கடைசிப் படி, அதற்குக் கீழே நேராக 5,0தான். நடுவில் 1,3, 1,7, 2,0, 2,3 என்று இறங்கும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுவார்கள், ஆயிரம் பிரிக்கும் இடத்தில் புள்ளி வைப்பார்கள். 4,7 கிலோ ஓம் என்று வினாத்தாளில் பார்த்தால் திகைக்காதீர்கள். ஊர் சி.ஜி.பி.ஏ.வை ஜெர்மன் கிரேடாக மாற்றும் சூத்திரம் விண்ணப்பிக்கும்போதே உங்களுக்குப் பழகியிருக்கும்: பத்துக்கு 8,2, தேர்ச்சி எல்லை 5 என்றால் ஏறக்குறைய 2,1. சேர்ந்த பிறகு அந்த எண்ணை ஒருவரும் கேட்பதில்லை.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் தியரித் தாளுக்கு 40 மதிப்பெண் இன்டர்னல். இங்கே பெரும்பாலான தாள்களுக்கு அந்த 40 இல்லை. பிப்ரவரியிலோ மார்ச்சிலோ ஒரு நாள், 90 அல்லது 120 நிமிடம். அன்றைக்கு எழுதுவதுதான் முழு கிரேடு. சில ஆசிரியர்கள் வீட்டுக்கணக்கு செய்து கொடுத்தால் 0,3 அளவுக்கு கிரேடை ஏற்றுவார்கள், அதுவும் தாளில் தேறியிருந்தால் மட்டும். எந்தப் பாடத்துக்கு என்ன முறை என்பது உங்கள் துறையின் மாட்யூல் கையேட்டில் இருக்கும். எழுத்துத் தேர்வா, வாய்மொழியா, லேப் முடித்தால்தான் எழுத விடுவார்களா, எத்தனை கிரெடிட் என்று எல்லாம் அதில் போட்டிருப்பார்கள். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்பது ஐரோப்பியக் கணக்கு. ஆறு கிரெடிட் தாளுக்கு 150 மணிக்குக் குறையாது. வகுப்பில் உட்காரும் நேரம் அதில் பாதிகூட வராது. மீதியை எங்கே செலவிட்டீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் பெரிய ஆபத்து.

இப்போது என் தாளுக்கு வருகிறேன். என் கல்லூரிக் காலம் 2 மார்க், 16 மார்க் காலம். காமன் எமிட்டர் ஆம்ப்ளிஃபயர் (டிரான்சிஸ்டரால் சிக்னலைப் பெரிதாக்கும் சர்க்யூட்) என்று கேள்வியில் பார்த்துவிட்டால் போதும், கை தானாக ஓடும். படம், வேலை செய்யும் விதம், நன்மைகள், தீமைகள், பயன்கள், அடிக்கோடு. இங்கே வந்த கேள்வி வேறு மாதிரி. ஒரு சர்க்யூட் கொடுத்து, கலெக்டர் மின்னோட்டம் 1 மில்லி ஆம்பியர், கலெக்டர் மின்தடை 4,7 கிலோ ஓம், எமிட்டரில் 470 ஓம், அதற்குக் குறுக்கே ஒரு கெப்பாசிட்டர். ஆதாயம், அதாவது சிக்னல் எத்தனை மடங்கு பெரிதாகிறது என்கிற ‘கெயின்’, எவ்வளவு? கெப்பாசிட்டரைக் கழற்றினால் எவ்வளவு? ஏன்? நான் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். எழுதியதில் தவறு ஒன்றும் இல்லை. திருத்தியவர் ஓரத்தில் நெடுக ஒரு கோடு போட்டு அடியில் சுழியம் எழுதியிருந்தார்.

அவர் எதிர்பார்த்தது ஆறே வரி. சிறு சிக்னல் சமானச் சுற்றுப் படம். 1 மில்லி ஆம்பியரை, அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டருக்கு வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 25 மில்லி வோல்ட்டால் வகுத்தால் கடத்துதிறன் 40 மில்லி சீமென்ஸ். அதை 4,7 கிலோ ஓமால் பெருக்கினால் 188, தலைகீழ் சிக்னல் என்பதால் மைனஸ் குறி. கெப்பாசிட்டரைக் கழற்றினால் எமிட்டரின் உள் தடை 25 ஓம், வெளித் தடை 470 ஓம். பெரியதற்கு முன் சிறியதை விட்டுவிடலாம் என்று ஒரு வரி எழுதி, 4700ஐ 470ஆல் வகுத்து ஏறக்குறைய 10 என்று முடிக்கலாம். சரியாகப் போட்டால் 9,5 வரும். ஆனால் எதை, ஏன் விடுகிறோம் என்று சொன்னவனுக்கும் முழுப் புள்ளி உண்டு. காரணம் சொல்லாமல் 9,5 என்று கால்குலேட்டர் விடையை மட்டும் வைத்தவனுக்குப் பாதிதான்.

திருத்தும் முறை இப்படித்தான்: படத்துக்கு இத்தனை புள்ளி, சூத்திரத்துக்கு இத்தனை, எண்ணுக்கும் அலகுக்கும் இத்தனை என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருப்பார்கள். 90 நிமிடத் தாளுக்கு 90 புள்ளி வைப்பது பரவலான வழக்கம். அப்படியானால் நிமிடத்துக்கு ஒரு புள்ளி. 8 புள்ளிக் கேள்வியில் 20 நிமிடம் உட்கார்ந்தால் அடுத்த கேள்வியின் 12 போயிற்று. பல பாடங்களில் பாதிப் புள்ளி வாங்கினால் 4,0. தாள் கடினமாக அமைந்துவிட்டால் ஆசிரியர் எல்லையைக் கீழே இறக்குவதும் உண்டு. அதை நம்பிப் போகாதீர்கள்.

நம் ஊரில் நான் பார்க்காத நல்ல வழக்கம் ஒன்று இங்கே இருக்கிறது. ஃபோல்கஃபேலர் என்பார்கள், தொடர்பிழை என்று சொல்லலாம். (அ) பிரிவில் 40க்குப் பதில் 4 என்று போட்டுவிட்டீர்கள். அங்கே ஒரு புள்ளி போகும். அந்த 4ஐ வைத்து (ஆ) பிரிவில் முறைப்படி 18,8 என்று வந்திருந்தால் பெரும்பாலானோர் அதற்குப் புள்ளியைக் குறைக்கமாட்டார்கள். ஆனால் 12 வோல்ட் சப்ளை உள்ள சர்க்யூட்டில் வெளியீடு 400 வோல்ட் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் மன்னிப்பு கிடைக்காது. “இது சாத்தியமில்லை, முன்னால் எங்கோ தவறு, நேரமில்லை” என்று ஒரு வரி எழுதினால் அதற்கே ஒரு புள்ளி தந்த ஆசிரியரை எனக்குத் தெரியும்.

குறியீடுகளையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் பழைய தாள்கள் ஜெர்மனில்தான் இருக்கும். வோல்ட்டேஜுக்கு இங்கே ‘வி’ இல்லை, ‘யூ’ என்ற எழுத்து. மின்தடை வளைந்து வளைந்து போகும் கோடு இல்லை, நீள்சதுரப் பெட்டி. மின்னழுத்தத்துக்கு ப்ளஸ், மைனஸ் போடாமல் ப்ளஸிலிருந்து மைனஸுக்கு ஓர் அம்புக்குறி. நான் அந்த அம்பைத் தலைகீழாகப் போட்டு விட்ட புள்ளிகளை எண்ணவே பிடிக்கவில்லை.

லேபுக்கு மார்க் இல்லை என்பதால் இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். போகும் அன்று சோதனைக்கு முன் பத்து நிமிடம் வாய்மொழியாகக் கேட்பார்கள். தயாரிக்காமல் வந்தவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு அளவீடு, பிறகு ப்ரோட்டோகோல் என்கிற அறிக்கை. சிவப்பு மையோடு இரண்டு முறை, மூன்று முறை திரும்பி வரும். எங்கள் குழுவில் ஆஸிலோஸ்கோப் ப்ரோப் சிக்னலைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துத் தரும் ‘10X’ நிலையில் இருந்ததைக் கவனிக்காமல் எல்லா அளவையும் பத்தில் ஒரு பங்காக எழுதி, மொத்த அறிக்கையையும் மறுபடி எழுதினோம். எல்லாச் சோதனைக்கும் கையெழுத்து கிடைத்தால் ‘தேறினார்’, ஒன்று விட்டாலும் ‘தேறவில்லை’. பல பாடங்களில் அது இல்லாமல் எழுத்துத் தேர்வுக்கே விடமாட்டார்கள். சீனியரின் அறிக்கையை வாங்கிப் பேர் மாற்றிக் கொடுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அது ஏமாற்று முயற்சி, நேராக 5,0.

தேர்வு அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாணவர் அட்டையும் பாஸ்போர்ட்டும் மேசைமேல் இருக்க வேண்டும். பென்சிலும் சிவப்பு மையும் கூடாது. கால்குலேட்டர் ப்ரோக்ராம் செய்ய முடியாத வகையாக இருக்க வேண்டும். சில ஆசிரியர்கள் கையால் எழுதிய ஏ4 தாள் ஒன்றை உள்ளே கொண்டுவர விடுவார்கள். ஊரில் அதைப் பிட்டு என்போம், இங்கே அதற்கு அனுமதி. ஆனால் அதைத் தயாரிக்கும் இரண்டு நாளில்தான் பாடமே புரியும். புரிந்த பிறகு அந்தத் தாளைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது. மாஸ்டர்ஸில் சில பாடங்கள் அரை மணி நேர வாய்மொழித் தேர்வாக இருக்கும். பேராசிரியர் கேட்பார், பக்கத்தில் ஒருவர் குறிப்பெடுப்பார். “ஒரு டிஃபரென்ஷியல் ஜோடி வரையுங்கள்” என்று வெள்ளைத் தாளை நகர்த்துவார். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெளியே நிற்கச் சொல்லி, கூப்பிட்டு அங்கேயே கிரேடைச் சொல்லிவிடுவார்கள்.

இனி அந்த ஐந்து தாள் விஷயம். நம் ஊர் அரியர் மாதிரி எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் ஒரு தாளுக்கு மொத்தம் மூன்று முயற்சிதான். கட்டாயப் பாடத்தில் மூன்றாவதும் போனால் படிப்பிலிருந்து பெயரை நீக்கிவிடுவார்கள், அதே படிப்பை இந்த நாட்டில் வேறு இடத்திலும் தொடர முடியாது. உங்கள் விசா படிப்பை வைத்துத் தந்தது என்பதையும் மறக்காதீர்கள். சில இடங்களில் முயற்சிக்கு எண்ணிக்கை இல்லை, பதிலாக இத்தனை செமஸ்டருக்குள் இத்தனை கிரெடிட் என்று கட்டாயம் இருக்கும். இன்னொன்று: தேறிய தாளைப் பொதுவாக மறுபடி எழுத விடமாட்டார்கள். அரைகுறையாகப் போய் 3,7 வாங்கினால் அது சான்றிதழில் அப்படியே நிற்கும்.

பதிவு செய்துவிட்டுப் போகாமல் இருந்தாலும் 5,0தான். தேர்வுக்குச் சில நாள் முன்புவரை விலகிக்கொள்ளலாம், தேதி இடத்துக்கு இடம் மாறும். காய்ச்சல் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கி உடனே தேர்வு அலுவலகத்தில் சேர்க்க வேண்டும். மறுநாள் தேதியிட்ட சான்று எடுபடாது.

என் இரண்டாவது முயற்சிக்கு நான் செய்தது இவ்வளவுதான்: மாணவர் சங்கத்தில் பழைய கேள்வித்தாள்கள் வாங்கி, கடிகாரத்தை வைத்து ஒன்பது தாள் போட்டேன். 2,7 வந்தது. பிறகு திருத்திய தாளைப் பார்க்கும் நாளில் போனேன். ஐன்ஸிக்ட் என்பார்கள். அரை மணி நேரம் தருவார்கள், கேட்கத் தயங்க வேண்டாம். பின்பக்கம் எழுதிய ஒரு கணக்கைத் திருத்தியவர் புரட்டவே இல்லை. மரியாதையாகக் காட்டினேன், நான்கு புள்ளி கூடி 2,3 ஆயிற்று. “ப்ளீஸ் சார், கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்” என்று கேட்ட இன்னொரு நண்பனுக்கு ஒன்றும் கூடவில்லை.

ஐந்து வேண்டாம், தம்பி. லேபும் இருக்கிறது, மொழி வகுப்பும் இருக்கும். இன்று இரவே விலகும் கடைசித் தேதியைப் பாருங்கள். ஒவ்வொரு பாடத்திலும் ஒரு பழைய தாளை எடுத்து நேரம் வைத்துப் போட்டுப் பாருங்கள். பாதிப் புள்ளியைத் தொடாத இரண்டை அடுத்த முறைக்குத் தள்ளுங்கள். அவற்றில் அனலாக் இருந்தால் வெட்கப்பட வேண்டாம். கணக்கில் சிக்கினால் வரைந்து படம் எடுத்து அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் நான் சும்மாதான் இருப்பேன்.