வீட்டுக்கு வரும் கட்டணத்தை முன்பே சொல்ல வேண்டாமா?

கேள்வி: எங்கள் வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறாமல் நின்றுவிட்டது. போன் செய்ததும் திருநெல்வேலியிலிருந்து மெக்கானிக் ஒருவர் வந்தார். பின்பக்கம் தண்ணீர்க் குழாய் மாட்டும் இடத்தில் இருக்கும் சிறு வலையைக் கழற்றி, அதில் படிந்திருந்த உப்பைத் தேய்த்துக் கழுவி, மறுபடியும் மாட்டினார். மெஷின் ஓடியது. விசிட்டிங் சார்ஜ் 400, கூலி 200 என்று மொத்தம் 600 ரூபாய் கேட்டார். போனில் பேசும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டேன், ஆனாலும் மனம் ஆறவில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டாமா?
– வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். அவர் வாங்கிய தொகை நியாயமா என்பது வேறு கேள்வி, அதைச் சொல்லாமல் வந்தது சரியா என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்துவிட்டால் அவர்மீதும் தவறாகக் கோபப்படுவோம், நம் உரிமையையும் சரியாகக் கேட்க மாட்டோம்.

தொகையை முதலில் பார்ப்போம். பேட்டை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர் எல்லாம் தாண்டி ஏறக்குறைய 30 கிலோமீட்டர் வந்து, அதே தூரம் திரும்பிப் போகும் மனிதருக்குப் பெட்ரோலும் அரை நாளும் செலவாகின்றன. போர்த் தண்ணீரின் உப்பு அந்த வலையை அடைத்திருக்கும் என்று பார்த்தவுடன் கண்டுகொள்ளப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். பழக்கமில்லாதவர் வால்வையே மாற்றச் சொல்லி அதற்கும் பணம் வாங்கியிருக்கக்கூடும். ஆகவே, வேலை சீக்கிரம் முடிந்தது என்பதற்காகக் கூலியைக் குறைத்து மதிப்பது சரியன்று.

ஆனால் இந்தக் கணக்கை அவர் போனிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஜங்ஷனில் ஆட்டோ ஏறுமுன் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டுதானே ஏறுகிறோம்? கட்டுப்படியாகவில்லை என்றால் அடுத்த ஆட்டோவைப் பார்க்கலாம். ஆள் வீட்டுக்குள் வந்து, பையைத் திறந்து, மெஷினை நகர்த்திய பிறகு தொகையைச் சொன்னால் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. வெயிலில் வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, 'இவ்வளவு என்றால் வேண்டாம், போய்விடுங்கள்' என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வரும்? அந்தத் தயக்கத்தின்மேல் விலை வைப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது. உள்ளூரிலேயே ஒருவரைக் கூப்பிட்டிருக்கலாம், அல்லது அந்த வலையை நாமே கழற்றிக் கழுவிப் பார்க்கலாமா என்று போனிலேயே விசாரித்திருக்கலாம். கட்டணத்தைச் சொல்லாமல் வந்ததால் இரண்டு வழியும் உங்களுக்கு அடைபட்டுப் போயின.

சட்டம் என்ன சொல்கிறது? 'வீட்டுக்கு வருமுன் கட்டணத்தைச் சொல்' என்று வார்த்தைக்கு வார்த்தை அதில் எழுதியிருக்கவில்லை. எனினும், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளானாலும் சேவையானாலும் அதன் விலையை அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாகவே வைத்திருக்கிறது. காசைக் கொடுத்த பிறகு அறிவதால் அந்த உரிமைக்கு என்ன பயன்? மறுபக்கம், கட்டணம் பேசவில்லை என்பதற்காக ஒன்றுமே தராமல் அனுப்பவும் நமக்கு உரிமை இல்லை. இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்த வேலையின் பயனை நாம் அனுபவித்தால் அதற்கு ஈடு தர வேண்டும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆவது பிரிவு கூறுகிறது. நீங்கள் பணம் கொடுத்தது சரியே.

கேள்வி: பாளையங்கோட்டையில் ஃபிரிட்ஜ், ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறேன். வந்து பார்ப்பதற்குப் பணம் உண்டு என்று போனிலேயே சொன்னால் பலர், 'பிறகு கூப்பிடுகிறேன்' என்று வைத்துவிடுகிறார்கள். சொல்லாமல் போகிறவருக்கு வேலை கிடைத்துவிடுகிறது. உண்மையைச் சொல்லி நான் நஷ்டப்பட வேண்டுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் கஷ்டம் உண்மையானது, தம்பி. அதில் பாதிப் பழி எங்களைப் போன்ற வாடிக்கையாளர்களுக்கும் உண்டு. 'சும்மா வந்து பார்த்துட்டுப் போங்க' என்று கூசாமல் சொல்கிறோம். என்ன பழுது என்று கண்டுபிடிப்பதுதான் இந்தத் தொழிலில் கடினமான வேலை என்பதை நினைப்பதே இல்லை.

இருந்தாலும், 'பணம் உண்டு' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால் கேட்பவர் பயப்படத்தான் செய்வார். தொகையையும், அது எதற்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். 'அண்ணாச்சி, வந்து பாக்கதுக்கு முந்நூறு ரூவா ஆவும். வேலைய எங்கிட்டயே குடுத்தியன்னா அதக் கூலியில கழிச்சிருதேன். ஸ்பேர் மாத்தணும்னா விலயச் சொல்லிட்டுதான் கை வைப்பேன்' என்று ஒருவர் சொன்னால், எனக்கு அவரைத்தான் கூப்பிடத் தோன்றும். அதையே வாட்ஸ்அப்பில் இரண்டு வரியாக அனுப்பிவிட்டால் பின்னால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. நகருக்குள் ஒரு தொகை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் பக்கம் என்றால் வேறு தொகை என்று முன்னதாகவே வகுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். சில அழைப்புகள் கைவிட்டுப் போகும் என்பதை நான் மறைக்கவில்லை. அவற்றில் பல, வாசலில் நின்று சண்டை போட்டு வெறுங்கையோடு திரும்பியிருக்க வேண்டிய அழைப்புகள்.

கேள்வி: சென்னையில் வேலை பார்க்கிறேன். பெற்றோர் திருநெல்வேலி டவுனில் தனியாக இருக்கிறார்கள். வாரண்டி இருக்கும் ஃபிரிட்ஜுக்கு நான் இங்கிருந்தே புகார் பதிந்தேன். வந்தவர் அவர்களிடம் பணம் கேட்டு, பில்லும் தராமல் போய்விட்டார். என்ன செய்வது?
– வாசகர், சென்னை

பதில்: முதலில் வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். நகராட்சி அல்லது மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள வீடுகளுக்குப் போக்குவரத்துச் செலவு வாங்குவோம் என்று பல நிறுவனங்கள் அதில் சிறிய எழுத்தில் போட்டிருக்கும். உங்கள் பெற்றோர் மாநகராட்சிக்குள் இருப்பதால் அந்தக் காரணம் இங்கே பொருந்தாது. நீங்கள் அழைத்த எண் அந்த அட்டையில் உள்ளதுதானா என்றும் சரிபாருங்கள். இணையத்தில் தேடினால் நிறுவனத்தின் பெயரை வைத்துக்கொண்டு வேறு யாரோ நடத்தும் எண்களும் வருகின்றன.

சேவைக்குப் பில் தராதிருப்பதை மேற்சொன்ன 2019-ஆம் ஆண்டுச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. பில்லை எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே மனுச் செய்ய இடமிருப்பதால், உங்கள் தந்தை பெயரில் திருநெல்வேலியிலேயே கொடுக்கலாம். இனி அங்கே ஆளை அனுப்பும்போது, பேசிய தொகையைப் பெற்றோரிடமும் சொல்லி, தொலைபேசிக்குப் பக்கத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.