பச்சை இலையும் கந்தகமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இத்தாலியில் இருக்கும் அண்ணன் வைன் போத்தல் ஒன்று கொண்டுவந்தார். பச்சை நிறத்தில் இலை வடிவ நட்சத்திரங்கள் இருக்கின்றன. சேதன (இயற்கை வேளாண்மை) முறையில் செய்ததற்கு அதுதான் அடையாளம் என்கிறார். அதற்குக் கீழேயே 'சல்ஃபைட் உள்ளது' என்றும் அச்சிட்டிருக்கிறது. ஏமாற்று வேலையா?
– வாசகி, அட்டன்

பதில்: இல்லை, இரண்டும் உண்மையே. சல்ஃபைட் என்பது வைன் கெடாமல் காக்கும் கந்தகச் சேர்மம். திராட்சைச் சாற்றை நுரைக்கவைக்கும் ஈஸ்டே கொஞ்சம் சல்ஃபைட்டை உண்டாக்கிவிடும். லீட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். அதற்கு மேலும் சிறிதளவு சேர்ப்பதற்கு ஐரோப்பியச் சேதன விதி இடம் தருகிறது. சர்க்கரை இல்லாத சிவப்பு வைனில் சாதாரணமாக 150 மில்லிகிராம் வரை இருக்கலாம். சேதன வைனில் 100 தான் எல்லை. வெள்ளை வைனுக்கு இந்த எல்லைகள் 200, 150. அமெரிக்க விதி இன்னும் கடுமையானது: 'சேதன வைன்' என்று விற்பதில் சல்ஃபைட் சேர்க்கவே கூடாது.

ஐரோப்பாவில் 'சேதன வைன்' என்று லேபிளில் போடும் உரிமையே 2012 அறுவடையிலிருந்துதான் வந்தது. அதற்கு முன் 'சேதனத் திராட்சையில் செய்த வைன்' என்று மட்டுமே எழுதலாம். ஆலைக்குள் நடப்பதற்கு விதி இருக்கவில்லை. இலை அடையாளத்துக்குப் பக்கத்தில் IT என்ற நாட்டெழுத்தும் BIO என்ற சொல்லும் ஓர் எண்ணும் இருக்கும். உற்பத்தியைச் சோதித்த அமைப்பின் குறியீடு அது. அது இல்லாமல் இலை மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்குச் சேதன வைனும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். தலைவலிக்கும் பச்சை இலை பொறுப்பேற்காது. அதில் உள்ளதும் அதே மதுசாரம்தான்.

கேள்வி: குடும்பமாகவே நடத்தும் பத்து ஏக்கர் வைன் தோட்டம் என்றால், நம்மூர்ச் சிறு தேயிலைத் தோட்டம் மாதிரியா?
– வாசகர், தலவாக்கலை

பதில்: அளவில் மட்டும்தான். தேயிலையில் வாரா வாரம் கொழுந்து போகும், மாதா மாதம் காசு வரும். திராட்சையில் ஆண்டுக்கு ஒரே அறுவடை. ஐரோப்பாவில் அது செப்டம்பரை ஒட்டி. அதற்கு முந்தைய வாரத்தில் அடைமழை பிடித்தால் குலை அழுகி, ஒரு வருட உழைப்பு போய்விடும். கவ்வாத்தும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இல்லை, ஒவ்வொரு குளிர்காலத்திலும் செடி செடியாகக் கையால் வெட்ட வேண்டும். பத்து ஏக்கர் என்பது 4 ஹெக்டயர். ஹெக்டயருக்கு நாலாயிரம், ஐயாயிரம் செடி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

தேயிலையின் கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடித்த கைகளுக்கு அடுத்தது புரியும். திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்கும் செம்புதான் மருந்து; சேதனத் தோட்டத்திலும் அது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் செம்பு மண்ணில் தங்கி மண்புழுவைப் பாதிக்கும். அதனால் ஏழு ஆண்டுகளுக்கு ஹெக்டயருக்கு மொத்தம் 28 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. மழை அதிகமான வருடத்தில் இந்தக் கணக்குத்தான் விவசாயியின் தூக்கத்தைக் கெடுக்கும். களைக்கொல்லி கிடையாது, வரிசைகளுக்கு இடையில் அவரை இனச் செடிகளையும் புல்லையும் வளர்த்து வெட்டுவார்கள். சான்றிதழ் கிடைக்க மூன்று ஆண்டு மாற்றக்காலம் உண்டு. 2021இல் இலங்கையில் இரசாயன உரத்தைத் தடைசெய்து சில மாதங்களில் நடத்திப் பார்க்க முயன்ற மாற்றத்துக்கு, அங்கே மூன்று ஆண்டு அவகாசம்.

ஹெக்டயருக்கு 6 தொன் விளைந்தால் 4 ஹெக்டயரில் 24 தொன், ஏறக்குறைய இருபதாயிரம் போத்தல். கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு விலைக்குக் காத்திருப்பது போலல்லாமல், வைனாக்கிப் போத்தலில் அடைப்பதும் விற்பதும் அந்தக் குடும்பமே. இலாபமும் நட்டமும் அங்கேதான். சிவப்பு வைனுக்குத் தோலோடு ஒன்று, இரண்டு வாரம் 25–30 பாகை செல்சியஸில் நுரைக்கவிடுவார்கள். மேலே மிதக்கும் தோலை நாளுக்கு இரண்டு தடவையாவது சாற்றுக்குள் அமுக்க வேண்டும். காயவிட்டால் வினாகிரி வாடை பிடிக்கும். சல்ஃபைட்டைக் குறைக்க நினைப்பவர் அழுகிய குலையை வயலிலேயே பொறுக்கி எறிந்தாக வேண்டும். அழுகல் உள்ளே போனால் சல்ஃபைட் அதிகம் தேவைப்படும்.

கேள்வி: வெலிமடையில் கால் ஏக்கரில் திராட்சை போடலாமா?
– விவசாயி, வெலிமடை

பதில்: வைனுக்கென்றால் வேண்டாம். யாழ்ப்பாணத்தில் முந்திரிகை (திராட்சை) செழிப்பது வெயிலாலும் வறட்சியாலும். மலைநாட்டில் ஈரமும் மூடுபனியும் இலையை விட்டுப் போவதில்லை. உங்கள் ஊவாவில் ஜூலை, ஆகஸ்டில் கச்சான் காற்று வீசும்போது நல்ல வறட்சி உண்டு; பழம் அப்போது கனிய வேண்டுமானால் மார்ச்சில் கவ்வாத்து வெட்ட வேண்டும். வெட்டி ஆறு வாரம் போல ஆனதும் பூக்கும். அது சரியாக ஏப்ரல் இடிமழைக் காலம். பூவில் மழை பட்டால் காய் பிடிக்காது, நோய் பிடிக்கும். ஸ்ட்ரோபெரிக்குப் போடுவதுபோல் பொலித்தீன் கூரை போட்டு நாலைந்து கொடி வைத்துச் சாப்பிடப் பழம் எடுங்கள், அதற்கு மேல் ஆசை வேண்டாம்.

கேள்வி: எங்கள் சங்கம் அனுமதிப்பத்திரம் எடுத்து, மிஞ்சும் பேரிக்காயில் வைன் செய்ய யோசிக்கிறது. நுவரெலியாக் குளிரில் சரிவருமா?
– வாசகர், நுவரெலியா

பதில்: அனுமதிப்பத்திரத்தை முதலில் சொன்னது நல்லது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அது இல்லாமல் மதுபானம் செய்வது குற்றம். மதுவரித் திணைக்களத்தில் பேசி முடித்த பிறகே பாத்திரம் வாங்குங்கள்.

நம்மூர்க் கடினப் பேரிக்காயின் துவர்ப்பு வைனுக்கு நல்லது. சர்க்கரைதான் போதாது. லீட்டர் சாற்றில் 100 கிராம் இருந்தால் மதுசாரம் 6 வீதத்தைத் தாண்டாது. ஒரு வீதத்துக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை செலவாகும். 11 வீதம் வேண்டுமானால் லீட்டருக்கு 85 கிராம் சேர்க்க வேண்டும். சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். பிழிந்த 100 லீட்டருக்குப் பொட்டாசியம் மெற்றாபைசல்ஃபைட் 9 கிராம் போடுங்கள். லீட்டருக்கு 50 மில்லிகிராம் கந்தக டைஒக்சைட் கிடைக்கும். மறுநாள் வைன் ஈஸ்ட் 20–25 கிராம். பாண் ஈஸ்ட் பாணுக்கே இருக்கட்டும்.

ஜனவரி இரவில் சாறு 10 பாகைக்குக் கீழே இறங்கினால் ஈஸ்ட் உறங்கிவிடும். நுரை நின்றதைப் பார்த்து முடிந்தது என்று அடைத்தால், பங்குனி வெயிலில் அது மறுபடி விழித்துப் போத்தலை வெடிக்கவைக்கும். அறையை 16–20 பாகையில் வையுங்கள். ஹைட்ரோமீட்டர் ஒரு வாரம் ஒரே அளவைக் காட்டிய பின்பே அடையுங்கள். அளவு 1.000க்குச் சற்று மேலே நின்றால் பயப்படாதீர்கள்: பேரிக்காயில் சோபிற்றோல் என்ற இனிப்புப் பொருள் உண்டு, ஈஸ்ட் அதைத் தொடாது. தொட்டியை வாய்வரை நிரப்பி வையுங்கள். காற்று தங்கினால் கையில் மிஞ்சுவது வினாகிரி.

கேள்வி: போத்தலடியில் கண்ணாடித் தூள் மாதிரிப் படிந்திருக்கிறது. குடிக்கலாமா?
– வாசகி, பதுளை

பதில்: திராட்சையின் புளிப்பு உப்பு குளிரில் படிகமானது அது. மெதுவாக ஊற்றினால் அடியிலேயே நிற்கும். வெந்நீரில் போட்டுப் பாருங்கள், கண்ணாடி கரையாது.